அப்பா நாலால் வகுத்த விலைகள்

அப்பாவின் சீ.ஆர். கொப்பிகள், தடித்த அட்டை போட்ட கணக்கு நோட்டுகள், பதினொன்று. அவர் இறந்து ஒன்பதாம் நாள் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அவற்றை இறக்கினேன். அவர் பெயரிலிருந்த பங்குகளின் விவரம் வேண்டும் என்று சட்டத்தரணி கேட்டிருந்தார். ஒரு காலத்தில் ஆயிரத்து இருநூறு பங்குகள் இருந்தன. இப்போது எழுநூற்று இருபது. நானூற்று எண்பதை விற்றிருந்தார் என்று தெரியும். எதற்கு விற்றார் என்று நான் கேட்டதில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

அவருக்கு இருந்த நல்ல பெயரைக் கெடுத்தவள் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் பெயர் அந்தோனி. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்தவர். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு அதே தோட்டத்து ஆபிசில் கிளாக்கராகச் சேர்ந்தார். முப்பத்தொரு வருடம் செக்ரோல் பதிவேடு எழுதினார். யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார், முழுநாள் சம்பளமா அரைநாளா என்பதெல்லாம் அவர் பேனாவில் இருந்தது. அவர் கையால் ஒருவருக்கும் பிழையாக அரைப்பேர், அரைநாள் கணக்கு, விழுந்ததில்லை என்று லயத்தில் இன்றும் சொல்வார்கள்.

தொண்ணூறுகளில் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனபோது, பத்தில் ஒரு பகுதி தொழிலாளர்களுக்கு என்று பங்குப் பத்திரங்கள் கொடுத்தார்கள். கொழுந்து பறித்தவர்கள் கையில் ஒரு கம்பனியின் பங்கு. அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கண்டியிலிருந்து ஆட்கள் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு, கையில் கொஞ்சம் காசு கொடுத்து, பத்திரத்தை எடுத்துப் போனார்கள். விற்க வேண்டாம் என்று அப்பா லயம் லயமாகப் போய்ச் சொன்னார். கேட்டவர்கள் சிலர். அவர்களில் ஒருவர் கறுப்பையா மாமா. தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுபவர். அப்பாவோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர்.

விற்காதே என்று சொன்னவன் விலையைக் கவனிக்க வேண்டும் என்பது அப்பாவின் நியாயம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்திரிகையைப் பார்த்து முந்தைய நாளின் கடைசி விலையைக் கொப்பியில் எழுதினார். ஓய்வு பெற்றுத் தெல்தெனியவுக்குக் குடிவந்த பிறகும் அதை விடவில்லை. பத்திரிகை கிடைக்காத வாரம் கண்டிக்கு பஸ் ஏறி நூலகத்தில் பார்த்து எழுதுவார்.

"இன்னைக்கு வெலை என்னான்னு மட்டும் பாத்தா ஒன்னும் வெளங்காது மேபல்," என்று அம்மாவிடம் சொல்வார். "எங்கருந்து வந்துச்சுன்னு பாக்கணும்."

"வெலை எங்கருந்து வந்தா என்னாங்க? நீங்க கடைக்குப் போயி வெங்காயம் வாங்கிட்டு வாங்க."

நான் பேராதனையில் பொறியியல் படித்தேன். கொழும்பில் ஒரு நிறுவனத்தில் தரவுகளை அலசுவது என் வேலை. 2019 நத்தாருக்கு, கிறிஸ்மஸ் விடுமுறையில், வீட்டுக்கு வந்தபோது, அப்பாவின் கம்பனியின் பழைய விலைகள் முழுவதையும் இணையத்திலிருந்து இறக்கி ஒரு வரைபடம் போட்டேன். பதினைந்து நிமிட வேலை. அப்பா இருபத்திரண்டு வருடமாகச் செய்ததை நான் கேக் வேகும் நேரத்தில் செய்துவிட்டேன் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

இருபத்தேழாம் திகதி கறுப்பையா மாமா வந்தார். மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னா பாப்பா இது, மலையா?"

"உங்க கம்பனியோட வெலை மாமா. இந்த எடத்தப் பாருங்க. 2011. ஒரே நாள்ல நூத்தி இருபதுலருந்து முப்பதுக்கு வந்திருச்சு."

"அடேங்கப்பா! மஹியங்கனை ரோட்டுப் பதினெட்டு வளைவையும் ஒரே தாவுல எறங்கிருச்சே!"

"அதுக்கப்புறம் ஏறவே இல்ல."

அப்பா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அது அப்பிடி இல்லம்மா. அந்த வருசம் கம்பனிலருந்து ஒரு காயிதம் வந்துச்சு..."

"காயிதத்த விடுங்கப்பா. இது பங்குச் சந்தையோட கணக்கு. கொப்பியில எழுதுனது இல்ல." நான் நிறுத்தியிருக்கலாம். "எட்டு வருசமா நட்டத்தப் புடிச்சுக்கிட்டு இருக்கீங்க. மாமாவையும் சேத்துப் புடிச்சு வச்சிருக்கீங்க."

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா கறுப்பையா மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா படிச்ச புள்ள," என்றார். "கேக் எடுங்க கறுப்பையா."

ஜனவரியில் அம்மா போனில் சொன்னாள்: "அப்பா கொஞ்சம் ஷெயர வித்துட்டாரு சுவர்ணா." இப்போதாவது கேட்டாரே என்றேன். ஆபிசில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது இதை உதாரணமாகச் சொல்வேன். பிடிவாதமான ஒரு தோட்டத்துக் கிளாக்கர், ஒரே ஒரு வரைபடம், மனம் மாறினார். எல்லாரும் சிரிப்பார்கள். நாலைந்து தடவையாவது சொல்லியிருப்பேன்.

ஏழாவது கொப்பியில் 2011 வருகிறது. அந்தப் பக்கத்தில் கம்பனியின் கடிதம் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பங்கும் நான்கு பங்குகளாகப் பிரிக்கப்படும் என்ற அறிவித்தல். நூற்று ஐம்பது பங்கு வைத்திருந்தவருக்கு அறுநூறு. ஒரு பங்கின் விலை நாலில் ஒன்றாகும். யாருக்கும் ஒரு சதமும் நட்டமில்லை. நான் காட்டிய பள்ளம் பள்ளமே இல்லை.

அதற்கு முந்தைய ஆறு கொப்பிகளிலும் ஒவ்வொரு விலைக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் இன்னொரு எண் இருந்தது. எல்லாவற்றையும் நாலால் வகுத்திருந்தார். எழுநூற்றுக்கு மேற்பட்ட வரிகள், கையால். அப்படி வகுத்தால்தான் பழைய விலையையும் புதிய விலையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க முடியும். அவருடைய எண்களை வைத்து மறுபடி வரைந்தேன். இரண்டரை ரூபாவில் தொடங்கிய கோடு, மெதுவாக, சில வருடம் சறுக்கி, முப்பதுக்கு ஏறியிருந்தது.

ஒரு தொடரை வரையும் முன் அது ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே பொருளைத்தான் அளக்கிறதா என்று கேட்க வேண்டும். என் தொழிலின் முதல் பாடம் அது. நான் இறக்கிய கோப்பில் அந்தந்த நாளில் கைமாறிய விலை மட்டுமே இருந்தது. கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அப்பா பிழை என்று காட்டும் படம் கையில் இருந்தது. அதனால் கேட்கவில்லை.

பத்தாவது கொப்பியில், விலைகளுக்கு நடுவில், நான்கு வரிகள்.

27.12.2019. சுவர்ணா படம் காட்டினாள். கோடு பிழை. தனியாக இருக்கும்போது சொல்ல வேண்டும்.

5.1.2020. க.விடம் போனேன். பத்திரத்தைக் கொடுத்துவிட்டார். 150க்கு 4,200.

9.1.2020. 480 விற்றேன். 29.50.

19.1.2020. க.வுக்கு 13,800. வாங்கியவர் எண்ணியதில் பிழை என்று சொன்னேன்.

கறுப்பையா மாமாவின் பத்திரம் மாற்றப்படாமல் இருந்தது. அதில் பழைய எண்ணிக்கை, நூற்று ஐம்பது. விற்கும்போது என்னிடம் கொண்டு வாங்க, மாத்தி எடுக்கலாம் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். என் படத்தைப் பார்த்த மாமா அப்பாவிடம் வரவில்லை. நேரே கண்டிக்குப் போய், பத்திரம் வாங்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அறுநூறு பங்குகளை நூற்று ஐம்பதின் விலைக்குக் கொடுத்திருந்தார். மீதியை அப்பா கட்டினார். என்னிடம் அந்தக் கோட்டைப் பற்றி அவர் சொல்லவேயில்லை. நான் அவரோடு தனியாக இருந்த நேரமும் குறைவு.

முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கறுப்பையா மாமா வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். சாப்பாடு முடிந்து அவர் கை கழுவி வந்ததும் கொப்பியைத் திறந்து காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அந்தப் படம் பிழையா பாப்பா?"

"பிழை மாமா."

"கிளாக்கர் ஐயாவுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"சொல்ல வந்தாரு. நான் விடல."

அவர் கொப்பியில் தன் பெயரின் முதல் எழுத்தை விரலால் தொட்டார். "அப்ப அந்தப் பதிமூவாயிரத்து எண்ணூறு ஐயாவோடதா? மக வீட்டுக் கூரைக்குத் தகரம் வாங்கிப் போட்டேனே..."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு சொன்னார்.

"வித்த வாரம் நம்ம ஊரு ஸாகி நானா டீக்கடையில அத்தன பேருக்கு முன்னால சொன்னேன் பாப்பா. 'கிளாக்கரு கணக்குப் போட்டே நம்மளக் கவுத்துட்டாரு'ன்னு. எல்லாம் சிரிச்சானுங்க. அதுலருந்து அங்க எவனாச்சும் கணக்கு பெசகுனா 'கிளாக்கர் கணக்கு'ம்பானுங்க. ஐயா மாசா மாசம் அங்கதான் வந்து டீ குடிப்பாரு. அவரு காதுல விழும். அவரும் சிரிப்பாரு."

"காசு வந்ததுக்கு அப்புறமும் நீங்க ஒன்னும் சொல்லலையா மாமா?"

"சொல்லியிருக்கணும். வெளையாட்டாப் போயிருச்சுன்னு விட்டுட்டேன்." கொப்பியை மூடி என் கையில் கொடுத்தார். "எங்கிட்ட சொன்னாப் பத்தாது. அங்க வந்து சொல்லு. நானும் சொல்லணும்."

அடுத்த சனிக்கிழமை மஹியங்கனை பஸ்ஸில் ஹுன்னஸ்கிரியவில் இறங்கினேன். மாமா கடை வாசலில் நின்றார். உள்ளே ஏழெட்டுப் பேர். ஸாகி நானா என்னைப் பார்த்ததும் மேசையைத் துடைத்தார்.

"கிளாக்கர்ட மகளா? வாங்கொ மகள், இரிங்கொ. உங்கட வாப்பா நல்ல மனுசன்."

பக்கத்து மேசையில் லொறி ஓட்டும் கணேஸ் காசு கொடுக்க எழுந்தார். "நானா, ரெண்டு டீ, மூனு ரோல்ஸுக்கு இவ்வளவா? இது கிளாக்கர் கணக்கால்ல இருக்கு!"

இரண்டு பேர் சிரித்தார்கள். யாரோ என்னைக் கண்ணால் காட்ட, சிரிப்பு நின்றது. கணேஸ் தலை குனிந்தார். வெட்கப்பட வேண்டியவர் அவரில்லை.

நான் எழுந்து நின்றேன்.

"அந்தக் கணக்கு என்னோடது," என்றேன். "அப்பாவோடது இல்ல. அப்பா போட்ட கணக்கு சரி. படம் போட்டு மாமாவுக்குக் காட்டுனது நான். அதுதான் பிழை."

கொப்பிகளை மேசைமேல் விரித்து வைத்தேன். நாலால் வகுத்த பக்கங்களைக் காட்டினேன். ஒன்று நாலானதை, மாமாவின் பத்திரத்தை, அப்பா தன்னுடையதை விற்றதைச் சொன்னேன். மாமா தன் பிழையைச் சொன்னார். அவர் குரல் என்னுடையதைவிடத் தெளிவாக இருந்தது. ஸாகி நானா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப கிளாக்கர் ஐயா இத்தன வருசமா ஏன் ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டார் கணேஸ்.

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் கெட்டிருப்பது என் பெயர்.

கறுப்பையா மாமா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பாப்பா படிச்ச புள்ளன்னாரு."