மூக்குக்கு ஒரு தனிச் சுவர்

சலூன்காரருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. அவர் முகத்தை ஓவியக்கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். வரைந்தவர் பள்ளிக்கூட நாள் தொட்டுப் பழகிய சிநேகிதர். வாரம் தவறாமல் அவர் கடை நாற்காலியில் சாய்ந்து சவரம் செய்துகொள்பவர். வீட்டில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்தே வரைந்தாராம். படத்தைச் சலூன்காரர் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காவிட்டால் என்ன? கடைக்கு வந்த தலைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார். தலைகள் ஊருக்கே சொல்லிவிட்டன. "அப்பா முடி வெட்றவராமே" என்று மகள் கல்யாணத்தில் இழுத்துப் பேசிய சம்பந்தியம்மா, ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வாயை அடைக்க இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் வராது. அதற்குமுன் ஒருநடை ஒத்திகை பார்க்கத்தான், ஓவியரையும் கூட்டிக்கொண்டு, இந்த வருகை.

"கொஞ்சம் நில்லுடா கத்தரி. இதெல்லாம் பாத்துட்டுப் போலாம்" என்றார் ஓவியர்.

"பாத்தாச்சு. அந்த ராஜாவுக்குக் கிருதா ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் எறங்கியிருக்கு. நட."

சிநேகிதரை அறை அறையாக இழுத்துக்கொண்டு போனார் சலூன்காரர். கடைசி அறையில், தனிச் சுவரில், படம்.

நடுநாயகமாக இரண்டு மூக்குத் துவாரங்கள். கீழே மோவாய், அதற்குக் கீழே தொங்கும் சதை. மேலே, மூக்கு மலைக்கு அந்தப் பக்கம், கண்கள் இருக்கலாம் என்று ஒரு சந்தேகம். இடது துவாரத்திலிருந்து ஒற்றை முடி உலகத்தை எட்டிப் பார்த்தது.

"பாவி! என் மூஞ்சி எங்கடா?"

"அதான் இது. வாரா வாரம் சாஞ்சு படுத்துக்கிட்டு நான் பாக்கறது இதைத்தானே?"

"எழுந்து ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா? அந்த முடியையாவது அழி. தொழில் பண்றவன் மூக்குல முடி!"

"இப்ப அது கூடத்துக்காரங்க சொத்து. தொட்டா என்னையே உள்ள தள்ளிடுவாங்க."

சலூன்காரரின் இரண்டு விரல்கள் தாமாகவே கத்தரிபோல் அசைந்தன. அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். சம்பந்தியம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வதும், "எங்க சம்பந்தி நீங்க?" என்று கேட்பதும் அப்படியே கண்முன் வந்துபோயின.

ஓவியர் அலுத்துப்போய் பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தார். சாய்ந்த தலையைக் கண்டால் சலூன்காரரின் கை சும்மா இருக்காது. போய்க் குனிந்து, மோவாயைப் பிடித்துத் திருப்பி, "இங்க ஒரு திட்டு விட்டுட்டேனே" என்றார்.

மூலையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த காவலாளி எழுந்து வந்தார். படத்தைப் பார்த்தார். உடம்பை வளைத்து, குனிந்திருந்த சலூன்காரரின் மூக்கைக் கீழிருந்து பார்த்தார்.

"சார்! இது நீங்கதானா?"

சலூன்காரர் நிமிரவில்லை. நிமிர்ந்தால் மறுபடி யாரோ ஆகிவிடுவோமோ என்ற பயம்.

"டேய், ஞாயித்துக்கிழமை உனக்கு வேலை இருக்கா?"

"ஏன்?"

"வந்து இதே பெஞ்சில இப்படியே சாஞ்சு கெடக்கணும். சம்பந்தியம்மாவைக் கீழ உக்கார வெக்கறது என் பொறுப்பு."