கேட்காத இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

தொரிகாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றால் அவளே முதலில் சிரிப்பாள். "என்னைப் பத்தி எழுத என்னடி இருக்கு சுசீலா? வேற வேலை இல்லையா உனக்கு?" என்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் தீவு நாட்டின் தலைநகரான சூவாவில், ஒரே கல்லூரியில், பதிவாளர் அலுவலகத்தில், ஒரே ஜன்னலுக்குப் பின்னால் இருபத்து மூன்று வருடம் எழுத்தராக உட்கார்ந்தவள் அவள். பக்கத்து நாற்காலி என்னுடையது. அவளுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த மூன்று பேர் அவளுக்கே மேலதிகாரி ஆகிவிட்டார்கள். "ஒரு தடவையாவது பதவி உயர்வு கேட்டு எழுதிப் போடேன், மகராசி" என்று நான் வருடா வருடம் நச்சரிப்பேன். "ஏன், அவங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்று கேட்டுவிட்டு மரவள்ளிக்கிழங்கைப் பிட்டு வாயில் போட்டுக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொரோனாவின் இரண்டாவது வருடம், ஏப்ரலில், சூவாவைச் சுற்றி எல்லை போட்டார்கள். கையில் கிடைத்த கடைசிக் கப்பலில் ஏறி மாணவர்கள் தத்தம் தீவுகளுக்கு ஓடினார்கள். வகுப்பு ஃபோனில், பரீட்சை ஃபோனில். ஃபோனில் சிக்னல் மட்டும் இல்லை. ஜூலையில் முடிவு வந்தபோது ஏதோ ஒரு பாடத்திலாவது தோற்றவர்கள் இருநூற்று முப்பத்தொரு பேர் இருந்தார்கள்.

கல்லூரி ஒன்றும் கல்நெஞ்சம் கொண்டது அல்ல. கல்விக்குழு கூடி ஒரு சலுகை அறிவித்தது. இந்தப் பருவத்தில் தோற்றவர்கள் விண்ணப்பம் போட்டால், அந்தத் தோல்வி மதிப்பெண் பட்டியலில் ஏறாது. அடுத்த வருடம் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி படித்துக்கொள்ளலாம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. இணையத்தில் நிரப்ப வேண்டிய விண்ணப்பப் படிவத்தைத் தயாரித்தது தொரிகா. அதில் பெரிய கட்டம் ஒன்று போட்டு, மேலே அவளே ஒரு வரி அடித்தாள்: 'உங்களுக்கு நேர்ந்த கஷ்டத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்.' படிவம் அழகாக வந்திருக்கிறது என்று அவளுக்கு ஒரே பெருமை.

கடைசி வாரம் திங்கட்கிழமை எண்ணிப் பார்த்தோம். வந்திருந்த விண்ணப்பங்கள் பத்தொன்பது.

பதிவாளர் தேவேந்திரா சார் முகக்கவசத்துக்கு மேலே கண் விரிய மகிழ்ந்தார். லம்பாசாவில் கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், நல்ல மனிதர்தான்.

"பாத்தீங்களா? மத்த பிள்ளைங்களுக்கு இது தேவைப்படலை. நம்ம பசங்க கெட்டிக்காரங்க."

"சார், தோத்துப்போன பிள்ளைங்க சார்" என்றேன் நான்.

"தேவைன்னா கேக்க மாட்டாங்களா, சுசீலா? வாய் இருக்குல்ல?"

அவர் போனதும் தொரிகா பட்டியலை எடுத்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு பெயரில் விரல் நின்றது. கெலெரா, கண்டாவு தீவு, குழந்தைகள் பள்ளி ஆசிரியைப் படிப்பு, இரண்டாம் வருடம், இரண்டு பாடத்தில் தோல்வி. இரண்டு பாடம் போனால் அரசு உதவித்தொகை நின்றுவிடும். அது நின்றால் அந்தப் பெண்ணின் இடமும் போய்விடும். தொரிகா உடனே ஃபோனைப் போட்டு, நானும் கேட்கட்டும் என்று மேசைமேல் வைத்தாள்.

"கெலெரா, படிவம் பாத்தியா கண்ணு?"

"பாத்தேன் அத்தை."

"ஏன் இன்னும் எழுதலை?"

எங்கோ ஒரு சேவல் கூவியது. தொரிகா அவசரப்படவில்லை. என்னால்தான் பொறுக்க முடியாமல் நாற்காலியில் நெளிந்தேன்.

"பரீட்சை அன்னிக்கு என்ன ஆச்சு, சொல்லு."

"ஒண்ணும் இல்லை அத்தை. சிக்னலுக்காகக் குன்று மேல ஏறி உக்காந்து எழுதினேன். மழை வந்துச்சு. பாதியில ஃபோன் நனைஞ்சு செத்துப்போச்சு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அதை அப்படியே அந்தக் கட்டத்துல எழுதுடி!"

"எப்படி அத்தை எழுதறது? சூவாவுல ஆளுங்க செத்துக்கிட்டிருக்காங்க. நான் போய் ஃபோன் நனைஞ்சதை என் கஷ்டம்னு பெரியவங்க முன்னாடி வைக்கறதா? வெக்கமா இருக்கு."

"இடம் போயிடும், தெரியும்ல?"

"தெரியும். பரவாயில்லை அத்தை. சேனைக்கொல்லையில அப்பாவுக்கு ஆள் வேணுமாம்."

பரவாயில்லையாம்! எனக்கு வந்த கோபத்தில் ஃபோனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கடைக்காரன் ஒரு உருளைக்கிழங்கு குறைத்து நிறுத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்கிற ஆள் நான். தொரிகா என் கையைத் தட்டிவிட்டு, "சரி கண்ணு, மழையில நிக்காதே" என்று ஃபோனை வைத்தாள். அப்புறம் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள்.

"நான்தான்டி முட்டாள்" என்றாள். "பக்கத்து வீட்டுல போய் உப்பு கேளு, சட்டை கேளு, படகு கேளு, யாரும் வெக்கப்பட மாட்டாங்க. ஆனா பெரிய இடத்துல போய் எவனாவது தனக்காகத் தன் வாயால கேப்பானா? அவனுக்காகக் கேக்க வேற ஒருத்தன் வருவான். எங்க ஊர்ல அந்த வேலை எங்க வம்சத்துக்கு. எங்கப்பா வாழ்நாள் பூரா அடுத்தவனுக்காகப் பேசினவரு. அவர் பெத்த மகள் நான், 'உன் வாயாலேயே கேளு'ன்னு டைப் அடிச்சு வச்சிருக்கேன் பாரு!"

"சரி, நீயே அவ பேர்ல எழுதிடு."

"அவ கணக்குல அவதான் நுழைய முடியும். அந்த விதியும் நான் அடிச்சதுதான்."

திங்களும் செவ்வாயும் நாற்பது பேருக்கு ஃபோன் செய்தாள். கப்பல் வராததால் மாதக்கணக்கில் புத்தகம் இல்லாதவன், ஒரே ஃபோனை மூன்று தங்கைகளோடு பங்கு போட்டவன், பரீட்சை வாரத்தில் தாயை அடக்கம் செய்தவள். நாற்பது பேரும் கடைசியில் சொன்னது ஒரே சொல்தான். பரவாயில்லை. தாயை இழந்தவளிடம் பேசி முடித்தபோது தொரிகா முகக்கவசத்தைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

புதன்கிழமை காலை, நாளிதழில் சுற்றிய உலர்ந்த யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். ஒரே சிரட்டையில் எல்லாரும் குடிப்பதால் யங்கோனா விருந்துக்குத் தடை இருந்த நேரம் அது. "அடிப்பாவி, ஆபீஸ்ல வச்சுக் கரைச்சுக் குடிக்கப் போறியா?" என்றேன். "குடிக்க இல்லை, கேக்க" என்று சொல்லிவிட்டு நேராகப் பதிவாளர் அறைக்கு நடந்தாள். நான் விடுவேனா, பின்னாலேயே போனேன்.

வாசலுக்கு உள்ளே, இரண்டு மீட்டர் தள்ளி, தரையில் கால்களை ஒருக்களித்து உட்கார்ந்தாள். வேர்க்கட்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் வைத்தாள். உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினாள்.

தேவேந்திரா சார் பதறிவிட்டார். "தொரிகா, எழுந்திரிங்க. முழங்கால் வலிக்கும். எதா இருந்தாலும் நாற்காலியில உக்காந்து பேசலாம்."

"நான் வந்தா நாற்காலியில உக்காருவேன் சார். இப்ப நான் வரலை. இருநூத்துப் பன்னிரண்டு பேரு வந்திருக்காங்க. அவங்க வாயா நான் வந்திருக்கேன்."

லம்பாசாக்காரருக்கு அது என்னவென்று நன்றாகவே தெரியும். அந்தக் கட்டைத் தொட்டுவிட்டால், கேட்க வந்ததைக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். தொடாமல் விட்டாலும் பதில் சொன்ன மாதிரிதான். கொஞ்ச நேரம் கட்டையே பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினார். முழங்கால் இரண்டும் சடக் சடக்கென்று சத்தம் போட, இறங்கித் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். கை நீட்டிக் கட்டைத் தொட்டார்.

"சொல்லுங்க. என்ன கேக்கறாங்க?"

"படிவத்தைத் தலைகீழாப் போடணும் சார். ஒண்ணும் எழுதாதவனோட தோல்வி மதிப்பெண் பட்டியல்ல ஏறக் கூடாது. இல்லை, எனக்கு ஏறத்தான் வேணும்னு எவனுக்காவது ஆசை இருந்தா, அவன் சொந்த வார்த்தையில எழுதிக் கேக்கட்டும்."

"படுத்துத் தூங்கினவனும் இதுல தப்பிச்சிடுவானே?"

"தூங்கினவன் பத்துப் பதினோரு பேரு இருப்பான். பேரு ஊரோட எனக்குத் தெரியும். பிப்ரவரியில வரட்டும், நானே காதைத் திருகி எழுப்பறேன். அந்தப் பத்துப் பேருக்காக மத்த இருநூறு பேரை வீட்டுக்கு அனுப்பறதா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு கண்டாவுப் பெண்ணைப் பற்றிக் கேட்டார், தாயை இழந்தவளைப் பற்றிக் கேட்டார். தொரிகா ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் குரலில் கெஞ்சல் துளியும் இல்லை. கிடைத்துவிடும் என்று தெரிந்தவள் மாதிரித்தான் பேசினாள்.

வியாழக்கிழமை கல்விக்குழு கணினித் திரையில் கூடியது. ஒரு பேராசிரியர் துள்ளினார், சோம்பேறிக்குச் சலுகையா என்று கேட்டார். தேவேந்திரா சார், "அந்தப் பத்துப் பேரோட பட்டியல் எங்க ஆபீஸ்ல இருக்கு" என்றார், என்னமோ தானே கண்டுபிடித்த மாதிரி! மத்தியானத்துக்குள் விதி மாறியது. புதிய விதிப்படி, தோல்வி ஏறட்டும் என்று சொந்த வார்த்தையில் எழுதிக் கேட்டவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை.

பிப்ரவரியில் கெலெரா எங்கள் ஜன்னலுக்கு வந்தாள். ஒல்லியாக, உயரமாக, ஒரு மூட்டைச் சேனைக்கிழங்கோடு. மூட்டையைத் தள்ளினாள், சேர்க்கைச் சீட்டை நீட்டினாள். தொரிகா அதில் முத்திரையைக் குத்திய சத்தம் வெளியே வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்டிருக்கும்.

அத்தோடு முடிக்கலாம்தான். ஆனால் மார்ச்சில் துணைப் பதிவாளர் பதவி காலியானது. தேவேந்திரா சார் எங்கள் ஜன்னல் பக்கம் வந்து, "தொரிகா, விண்ணப்பம் போடுங்க" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். முதல் வாரம் போனது, இரண்டாம் வாரமும் போனது.

"போட்டியாடி?"

"பாக்கலாம்."

"வெள்ளிக்கிழமை கடைசி நாள்!"

"பரவாயில்லை, சுசீலா. இந்த ஜன்னலே நல்லாத்தான் இருக்கு."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்காகத் தரையில் உட்கார்ந்தவள், தனக்கென்று வந்தால் கண்டாவுக் குன்றின் மேல் நின்ற அந்தப் பெண்ணேதான். அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்துச் சந்தைக்கு ஓடினேன். இருப்பதிலேயே தடியான வேர்க்கட்டாகப் பார்த்து வாங்கினேன்.

பதிவாளர் அறையில் புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்வதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. கட்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று தெரியவில்லை. கை தட்டினால் அது பஜனை மாதிரிக் கேட்டது.

"சார், நான் அந்த வம்சம் இல்லை. முறையும் சரியாத் தெரியாது. தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. நான் வரலை, தொரிகா வந்திருக்கா. அவ வாயா நான் வந்திருக்கேன்."

தேவேந்திரா சார் என்னைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். முழங்கால் இரண்டும் சடக் சடக்கென்றன.