புழு மனையில் ஒரு குடித்தனம்

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஆகவே தொண்ணூற்று நான்கு. அம்மா தொண்ணூற்று ஐந்து என்பாள். மாரியம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டிருந்த நாட்கள் என்பதில் மட்டும் எங்களுக்குள் தகராறில்லை.

சித்தப்பா பருத்தியை விட்டுவிட்டு மல்பெரிச் செடி வைத்திருந்தார். பட்டுப்புழு வளர்க்க மனை கட்டினால் சர்க்கார் மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டு, தோட்டத்தின் தென்கோடியில் நீளமாக ஒன்று கட்டினார். ஓடு வேய்ந்த வாரமே சித்தி அதில் குடியேறிவிட்டாள். எல்லாரும் சேர்ந்திருந்த பெரிய வீட்டில் அடுப்பு அம்மாவுடையது. ரசத்துக்கு எத்தனை மிளகு என்பதுகூட அம்மா சொல்வதுதான். மனையில் சித்தி தன் இஷ்டத்துக்குத் தாளித்தாள். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் ஓடுவேன். வலையடித்த சன்னல்களின் வழியே வெயில் பொடிப்பொடியாகத் தரையில் விழும். சித்தி ஏதோ முனகிப் பாடியபடி எனக்குத் தலை வாரிவிடுவாள்.

புழுவைக் கண்ணால் பார்த்தால்தான் பணம் என்று மானிய ஆபீசிலிருந்து சொல்லியனுப்பினார்கள். சித்தப்பா பக்கத்து ஊர்ச் சிநேகிதரிடம் தட்டுத் தட்டாகப் புழு இரவல் வாங்கி வந்தார்.

"ரெண்டு நாளைக்குத்தான் அம்மணி. ஆபீசர் பார்த்துட்டுப் போகட்டும், அப்பறம் உன்ற ஊடு உனக்குத்தான்" என்று சித்தியைத் தேற்றினார்.

புழுவுக்குத் தாளிப்பு வாசம் ஆகாது. அடுப்பு, பானை, பாய், கண்ணாடி எல்லாம் மல்பெரிச் செடிகளுக்குள் போய் ஒளிந்தன. கண்ணாடி மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம் நான் தட்டுகளுக்குக் கீழே படுத்திருந்தேன். மேலே புழுக்கள் இலை தின்னும் சத்தம் தூறல் மாதிரி கேட்டது. வெளியே ஒரு சொட்டு இல்லை. கண்ணை மூடினால் மனையே நனைந்துகொண்டு எங்கோ மிதந்து போவதாகத் தோன்றியது. அந்தத் தூக்கத்துக்குள்தான் ஜீப் வந்து நின்றது.

ஆபீசர் புழுக்களைப் பார்த்துத் தலையசைத்தார். திரும்பும்போது கதவு நிலையில் அவர் கண் நின்றது. குளிக்கப் போகும்போதெல்லாம் சித்தி நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிய பொட்டுகள் அங்கே வரிசையாக இருந்தன. பானை சட்டியையெல்லாம் ஒளித்தவர்களுக்கு அவை கண்ணில் படவில்லை.

"ஏனுங்க, உங்க புழுவெல்லாம் பொட்டு வெச்சுக்குதுங்களா?"

சித்தப்பா கதவு நிலையை மறைத்து நின்றார். "தழை போட வர்ற பொம்பளைக ஒட்டியிருப்பாங்கங்க."

"தழை போட வந்தவங்க இங்கயே குளிச்சுப்போட்டுப் போவாங்களாக்கும்?"

ஆபீசர் சிரித்தார்; கையெழுத்தும் போட்டார். "இனி இது புழுவோட ஊடுங்க. நான் சொல்லாமத்தான் வருவேன். மனுசரு குடியிருந்தா மானியத்தைத் திருப்பி வாங்கிப்போடுவோம்."

"செரிங்க, செரிங்க" என்று சித்தப்பா இரண்டு கையையும் கூப்பினார். செடிகளுக்குள் அடுப்போடு நின்றிருந்த சித்திக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

ஜீப் புழுதியில் மறைந்ததும் சித்தப்பா கோயிலுக்குத் தேங்காய் உடைக்க ஓடினார். சித்தி வந்து நிலையிலிருந்த பொட்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். எனக்கு ஒன்று கேட்டேன். நெற்றியில் வைத்து அழுத்தினாள்; பசை போயிருந்ததால் நிற்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. புழுவுக்காகத் தரையில் தெளித்திருந்த பிளீச்சிங் பவுடரின் காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பொழுது சாய்கையில் அவள் பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு பெரிய வீட்டை நோக்கி மெல்ல நடந்தாள். சித்தியைத் தேடி இனி நான் தென்கோடிவரை ஓட வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவளை முந்திக்கொண்டு ஓடி, வாசலிலிருந்தே கத்தினேன்: "அம்மா, சித்தி வந்துட்டாங்கோ! இனி எங்கியும் போகவே மாட்டாங்கோ!"