துர்காதேவி கழித்த புள்ளி ஒன்று

பூமியின் சுற்றளவில் தப்பு இருக்கிறது என்று துர்காதேவி சொல்லிவிட்டால், பூமிதான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சுருங்க வேண்டும். அப்பேர்ப்பட்ட அளவுக்காரி, எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. இருபது வயது. பழவேற்காட்டு ஏரியில் இறால் பிடிக்கும் வீட்டுப் பெண். பொன்னேரி பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரை இயற்பியலும் கணக்கும் தமிழிலேயே படித்தவர். நானும் அதே பள்ளிக்கூடம்தான். பதினொன்றாவதில் பாதி வழியில் இறங்கிவிட்டேன்.

இப்போது இருவருக்கும் தேர்வாய் கண்டிகையில் ஒரே கம்பெனி. பைக்குக்குப் போகும் இரும்புப் பின்களைக் கடையும் இடம். நான் பேக்கிங். அக்கா அளவு பார்க்கும் ரூமில் மூன்று மாத டிரெய்னி. போன வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசிப் பரீட்சை. தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி ஊரில் இறால் உரிக்க வேண்டியதுதான்.

அன்று காலையில் நான் ஒரு கைங்கரியம் செய்து வைத்திருந்தேன். அதே ரூமின் இன்ஸ்பெக்டர் மோகன்ராஜ், "என் கண்ணு தப்பாது" என்று தினமும் பீற்றிக்கொள்வார். பின்னைக் கவ்விப் பிடித்துத் தடிமன் அளக்கும் அவருடைய வெர்னியரின் தாடையில் கண்ணுக்குத் தெரியாத டேப்பை இரண்டு சுற்று ஒட்டிவிட்டேன். பத்து மணிக்கு சூப்பர்வைசர் பாக்கியநாதன் சார் மேஜையில் ஒரு பின்னை வைத்து, அதே வெர்னியரை எடுத்து அக்கா கையில் கொடுத்தார்.

உள்ளே போய்ச் சொன்னால் என் வேலை காலி. அந்த ரூமின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை வேண்டுமென்றே தள்ளிவிட்டேன். பரீட்சை நின்றுவிடும் என்று ஒரு நப்பாசை.

"டேய், கண்ணு இன்னா பொடனிலயாடா கீது?" என்று கத்திவிட்டு சார் திரும்பிக்கொண்டார். "நீ பாரும்மா."

அக்கா பின்னைத் தொடவே இல்லை. வெர்னியரின் வாயை வெறுமனே மூடி, வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார்.

"சார், இதுல சுழிப்பிழை கீது."

"இன்னா பிழை?"

"வாயை மூடுனா பூஜ்யம் காட்டணும் சார். இது புள்ளி ஒண்ணு மில்லிமீட்டர் காட்டுது. கழிச்சிக்கிறேன்." பின்னை வைத்தார். "பன்னெண்டு புள்ளி அஞ்சு காட்டுது. கழிச்சா பன்னெண்டு புள்ளி நாலு. சரியான சைஸ்தான்."

"இன்னாம்மா சொல்ற? இதால பாத்துதானே மோகன்ராஜு காலைல ரெண்டாயிரம் பின்ன வேணாம்னு தள்ளிட்டான்!"

வேறொரு வெர்னியர் வந்தது. பன்னிரண்டு புள்ளி நான்கு! சார் மேஜையை ஓங்கித் தட்டினார். கண்ணாடிக்கு வெளியே நான் குதித்த குதியில் மிச்சப் பெட்டிகளும் சரிந்தன.

"எங்கம்மா கத்துக்கினே இத?"

"ஒம்பதாவதுல சார். வாயை மூடிப் பாக்காம அளந்தா லேப்ல மார்க்கே போடமாட்டாங்க."

அதே லேபில் நான் அதே கருவியால் பக்கத்துப் பையனின் மூக்கை அளந்துகொண்டிருந்தேன்.

மாலை கம்பெனி பஸ்ஸில், நிரந்தர ஆர்டரை மடியில் வைத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "தாடைல எவனோ டேப்பு ஒட்டிக்கிறான்டா குணா."

"எந்தப் பேமானிக்கா அது?"

"தெர்ல. அந்த டேப்பு ஒரு சுத்து எவ்ளோ தடிமன் வரும்? சொல்லு பாப்போம்."

கணக்கு வராதவன் என்று நினைத்துவிடக் கூடாதே! காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். "புள்ளி ஒண்ணுல பாதி. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் அஞ்சு!"

"கரெக்டு," என்று என் காதைப் பிடித்தார் அக்கா. "ரெண்டு சுத்துன்னு நான் சொல்லவே இல்லியேடா?"