உப்பும் மணலும் உனக்கு

நகராட்சி வழவழப்பாக ஒரு புத்தகம் போட்டிருக்கிறது. அதற்கு ஊர் வரலாறு என்று பெயர். ‘தொலைநோக்குள்ள ஓர் அண்ணனும் தங்கையும் இந்த வெயில் நகரத்துக்கு வித்திட்டார்கள்’ என்று முதல் பக்கத்திலேயே புளுகு. அந்தத் தங்கை என் மாமியார். அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள் சொல்கிறேன்: இந்த ஊரை எழுப்பியது தொலைநோக்கு இல்லை, வயிற்றெரிச்சல்.

அத்தை ஒரு படகு மெக்கானிக்கைத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டார். அவருடைய அப்பாவுக்கு அந்த ஆத்திரம் தீரவே இல்லை. சொத்தைப் பிரித்தபோது கிணறும் எலுமிச்சைத் தோட்டமும் மகனுக்கு. தோட்டத்துக்கு மேற்கே, கடலை ஒட்டிக் கிடந்த பொட்டல் மகளுக்கு. “உப்பும் மணலும் உனக்கு. அதையே தின்னு வாழு” என்றாராம். அன்றிலிருந்து அத்தைக்கு ஒரே வெறி, அந்த மணல் அண்ணனின் தோட்டத்தை ஜெயிக்க வேண்டும். பிள்ளை பெற்றதும் புருஷனைப் பறிகொடுத்ததும் அதற்கு நடுவே நடந்த சில்லறைச் சமாச்சாரங்கள்.

மணலில் தகரக் கொட்டகை போட்டு, கட்டில்களை வாடகைக்கு விட்டார். குளிர் நாட்டுக்காரர்கள் வந்து வெயிலில் மல்லாந்து கிடந்தார்கள். காசு கொடுத்து வேகிறவர்களும் உண்டா என்று ஊரே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினார். அத்தை குடத்தோடு போய் நின்றபோது, “அப்பா உனக்குக் கடலையே கொடுத்திருக்காரே, அள்ளிக் குடி” என்றார். காலியாகத் திரும்பிய அந்தக் குடம் எங்கள் பரணில் இருந்தது. துடைக்கக்கூட யாரும் தொடக் கூடாது.

பிறகு ஓர் ஓட்டல் கம்பெனி மணலைக் குத்தகைக்கு எடுத்தது. மாடிமேல் மாடி எழுந்தது. ஆழ்துளைக் கிணறு போட்டு நீச்சல் குளத்துக்கு உறிஞ்சித் தள்ளினார்கள். பின்னால் தோட்டத்தில் எலுமிச்சை இலைகள் ஓரம் கருகின. கிணறு கரித்தது. அத்தையின் அண்ணன், எங்கள் மாமா, கத்திக்கொண்டே வந்தார்.

“உன் ஓட்டல்காரன் உறிஞ்ச உறிஞ்ச கடல் என் கிணத்துக்குள்ள வருது. நீ சொன்னா நிறுத்துவான். சொல்லு!”

அத்தை வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. “உப்பு என் பங்குண்ணே. அது உன் பக்கம் வந்தா நீயே வச்சுக்க. நான் திருப்பிக் கேக்க மாட்டேன்.”

மாமா மரங்களை வெட்டிச் சாய்த்துத் தோட்டத்தை விற்றார். வாங்கியவனிடம் போட்ட நிபந்தனை, கட்டடம் அத்தையின் ஓட்டலைவிட இரண்டு மடங்கு உயரம் இருக்க வேண்டும். உச்சி மாடியில் அவருக்கு ஒரு வீடு. கிழக்கே அது எழுந்து நின்றதும், மணலுக்குக் காலை வெயில் வருவது நின்றது. உச்சிப் பொழுது வரை நிழல். வெயிலுக்காகப் பறந்து வந்தவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டா படுப்பார்கள்? ஓட்டல் கம்பெனியும் இந்த வருஷத்தோடு கிளம்புவதாகச் சொல்லிவிட்டது. அதிலிருந்து அத்தை என்மேல்தான் எரிந்து விழுகிறார். கட்டடத்தின்மேல் விழ முடியாதே.

இந்த லட்சணத்தில்தான் புத்தகத்துக்குப் படம் எடுக்க வந்தார்கள். மணலில் இரண்டு நாற்காலி. மாமா கம்பு ஊன்றி வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே முறைப்பு.

போட்டோக்காரர் அண்ணாந்து பார்த்தார். “நிழலா இருக்கே. வெயில் வரட்டும்.”

காத்திருந்தார்கள். மாமா உதட்டை நக்கிக்கொண்டு, கடலைப் பார்த்து, “தாகமா இருக்கு” என்றார்.

நான் எழுந்தேன். அத்தை என் கையை இறுகப் பிடித்தார். “உட்காரு. எதிர்ல அவ்வளவு தண்ணி கிடக்கு. அள்ளிக் குடிக்கச் சொல்லு.”

“இன்னும் ஞாபகம் வச்சிருக்கியா?”

“குடத்தையே வச்சிருக்கேன்.”

வெயில் வந்தது. சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார்கள். மாமா எழுந்து போனார். அவர் மறையும் வரை என் கையை விடாத அத்தை, விட்டதும் என்மேல் பாய்ந்தார்.

“ஏன்டி, தாகம்னு கேட்ட மனுஷனுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்கத் தெரியாதா உனக்கு? போ, அந்தக் குடத்தை இறக்கு. லாரித் தண்ணி பிடிச்சுக் கொண்டு போய்க் கொடு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் குடத்தை அங்கேயே போட்டு நசுக்கியிருப்பேன். சுமந்துகொண்டு போனேன். மாமா கதவைத் திறந்து குடத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. பால்கனியில் தொட்டியில் இருந்த எலுமிச்சைச் செடிக்கு அத்தனையையும் ஊற்றினார். அதன் இலைகளும் ஓரம் கருகியிருந்தன.

“காலியா எடுத்துட்டுப் போ. அவளுக்குப் பழக்கம்தான்.”

எங்கள் வீட்டு வாசலிலேயே அத்தை நின்றிருந்தார். குடத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். “குடிச்சானா?”

இந்தக் குடும்பத்தில் உண்மை பேசி எனக்கு என்ன ஆகப்போகிறது? “குடிச்சார்” என்றேன்.

“வெட்கங்கெட்டவன்.” குடத்தைப் பரணில் ஏற்றாமல் தண்ணீர்த் தொட்டியடியில் வைத்தார். “நாளைக்கும் கொண்டு போய்க் கொடு.”