பிரிசில்லாவின் காலேஜும் நான் அவசரப்பட்டுச் சொன்ன சாட்சியும்

அன்பான விசுவாசிகளே, என் வாயாலேயே நான் மாட்டிக்கொண்டதையும், கர்த்தர் என்னை அதிலிருந்து வெளியே கொண்டுவந்ததையும் எழுதுகிறேன்.

நான் ஆரணியில் பட்டுச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறவள். இரண்டு வருஷத்துக்கு முன், ஜூன் மாதம், என் மகள் பிரிசில்லாவுக்குச் சென்னைப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் தருவதாகக் கடிதம் வந்தது. "அவசரப்படாதம்மா, கவுன்சிலிங் வரட்டும்" என்றாள் அவள். நான் கேட்டேனா? அந்த ஞாயிறே சபையில் எழுந்து நின்று, "கர்த்தர் எம் பொண்ணுக்குக் கதவத் தொறந்துட்டாரு" என்று சாட்சி சொல்லிவிட்டேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். பெரணமல்லூரிலிருந்து என் நாத்தனார் போன் போட்டு வாழ்த்தினாள்.

ஜூலையில் அந்த இடத்தைப் பார்க்கப் போனோம். நீச்சல் குளம் காட்டினார்கள். ஏசி கேன்டீன் காட்டினார்கள். கம்ப்யூட்டர் லேபைக் கேட்டால் சாவி இல்லை என்றார்கள். அங்கே படிக்கிற ஒரு பெண்ணிடம் பிரிசில்லா விசாரித்தாள். "வாத்தியாருங்க நிக்கிறதே இல்லப்பா. நாங்களே போன்ல வீடியோ பாத்துகினு படிக்கிறோம்" என்றாள் அவள்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. இந்த இடம் வேண்டாம் என்றால், நான் சொன்ன சாட்சி பொய்யா? இனி எந்த முகத்தோடு சபைக்குப் போவேன்?

ஆகஸ்டில் கவுன்சிலிங்கில் அவளுக்கு ஒரு அரசுக் கல்லூரியில் அதே படிப்பு கிடைத்தது. இரண்டு நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். சந்தோஷப்பட வேண்டிய நான் உபவாசம் இருந்தேன். எதற்கு? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். "ஆண்டவரே, அந்தத் தனியார் இடத்துக்கே போக அவள் மனதை மாற்றும்" என்று ஜெபித்தேன்.

ஜெபம் கேட்கப்பட்டது. இரண்டாம் நாள் காலை, உள் அறையில் பிரிசில்லா முழங்காலில் இருந்தாள். "ஆண்டவரே, நான் அங்கியே போறேன். எங்க அம்மா சபையில தல குனியக் கூடாது" என்று அழுதுகொண்டிருந்தாள்.

நான் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. அவ்வளவு கசப்பை என் வாழ்க்கையில் நான் கண்டதில்லை. என் கௌரவத்துக்காக என் பிள்ளை தன் படிப்பைக் கொடுக்கிறாள். "கர்த்தாவே, நீர் சொல்லாததை உம்முடைய பேரில் சொன்னேன். மன்னியும். அதைத் திருத்த எனக்குத் தைரியம் தாரும்" என்று நின்ற இடத்திலேயே கெஞ்சினேன். பயம் போகவில்லை. ஆனால் கால் நகர்ந்தது.

"எழுந்திருடி, ஜல்தியா போன எடு. டைம் ஆவுது" என்றேன். அவள் அரசுக் கல்லூரி இடத்தை உறுதி செய்யும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

ஞாயிறன்று சபையில் எழுந்தேன். "அன்னிக்கு நான் சொன்ன சாட்சி தப்புங்க. கதவத் தொறந்தது கர்த்தர் இல்ல, நான்தான்" என்றேன். அப்போது பின் வரிசையில் சந்தவாசல்காரர் ஒருவர் எழுந்தார். "நானும் போன வருஷம் இப்டித்தான் சொன்னேம்மா. எம் பையன் அதே எடத்துல கஷ்டப்பட்டுகினு கீறான். நான் வெக்கப்பட்டுகினு வாயத் தொறக்கல" என்று உடைந்து அழுதார். ஒருவரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

பிரிசில்லா இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறாள். நானும் மாறியிருக்கிறேன். ஜெபம் முடிந்ததும் பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்கிறேன். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

உங்களில் யாராவது என்னைப் போல அவசரச் சாட்சி சொல்லி மாட்டிக்கொண்டிருந்தால், கர்த்தரை நம்பி எழுந்து நில்லுங்கள். நமக்கு வெட்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பிள்ளைக்கு அது நாலு வருஷம்.