பிரான்ஸ் என்று போட்டவர்

பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்ற புதுச்சேரி ஷார்லுக்கு மகள் ஒசேன் பாரிசில் இறந்து ஒரு வருடமாகிறது. ஓட்டல் பணிப்பெண் வேடத்தில் அவள் ஒரு நிமிடம் தலைகாட்டிய பிரெஞ்சுப் படத்தின் டிவிடி, வீட்டு லினக்ஸ் கணினியில் ஓட மாட்டேன் என்றது. கோபத்தில் அவரே டிரைவின் ரீஜனை, அதாவது எந்த நாட்டு டிவிடி ஓடலாம் என்ற அமைப்பை, பிரான்ஸ், இந்தியா என்று நான்கு முறை மாற்றிப் பார்த்துவிட்டார்.

கணினி மெக்கானிக் ரிச்சர்ட் தலையில் அடித்துக்கொண்டார். "டிவிடியோட பூட்டத் தொறக்கிற சின்ன சாஃப்ட்வேர்தான் இல்ல, முசியே. போட்டுட்டேன். ஆனா ரீஜன இன்னும் ஒருவாட்டிதான் மாத்தலாம், அப்பறம் ஆயுசுக்கும் அதான். எந்த நாடு?"

1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது குடியுரிமைக்கும் இதே கேள்விதான் வந்தது. இருபத்தொரு வயதில், கொஞ்சமும் யோசிக்காமல் பிரான்ஸ் என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தின் தயவில்தான் ஒசேன் பாரிசுக்கு விமானம் ஏறினாள்.

இப்போது வெகுநேரம் யோசித்தார்.

"பிரான்சுன்னே போடு."

படம் ஓடியது. நாற்பதாவது நிமிடத்தில் தட்டுடன் வந்த ஒசேன், முதுகைக் காட்டியபடியே நடந்து மறைந்தாள்.

"மூஞ்சி தெரியலயே, முசியே!"

"ஏர்போர்ட்டுலயும் இப்பிடித்தான்," என்றார் ஷார்ல். "திரும்பிப் பாக்காமப் போனா."